ஜீப் செய்த நூற்றுப் பன்னிரண்டு குற்றங்கள்

வியாழக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அந்த ஜீப் கைது செய்யப்பட்டது.

கைதாகிற நேரத்தில் அது ஒரு தப்பும் செய்துகொண்டிருக்கவில்லை. மலையடிவாரத்து டீக்கடை ஓரமாக, என்ஜின் அணைந்து, சாதுவாக நின்றிருந்தது. சொந்தக்காரி உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வாயையும் குடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், முன்கண்ணாடியில் ஒரு மஞ்சள் காகிதம். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர். கையில் பசை டப்பா. முகத்தில், ஒரு கொள்ளைக் கும்பலைத் தனியாளாக மடக்கிய களைப்பு.

சொந்தக்காரியை எல்லாரும் மோட்டாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்குள் முந்நூறு அடி, நானூறு அடியில் சிக்கிக்கொள்ளும் மோட்டார்களை வெளியே இழுப்பது அவள் தொழில். அதற்கு அவளிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று பொறுமை, அது அவ்வளவு நீளம் கிடையாது. இன்னொன்று இந்த ஜீப். எங்கேயோ நடந்த பெரிய சண்டையில் ஓடி, குண்டடிபட்டு, ஓய்வுபெற்று, ராணுவ ஏலத்துக்கு வந்தபோது அவளுடைய மாமனார் எடுத்தது. அவர்தான் அதன் மூக்கில் இரும்புக் கயிறு சுற்றிய ஒரு வின்ச்சைப் பொருத்தி, இனிமேல் இவன் தண்ணீருக்காக இழுக்கட்டும் என்று சொல்லி வைத்தார். முப்பது வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு அவள் போய்க்கொண்டிருந்தது மேட்டுக் குடியிருப்புக்கு. அறுபது வீடு, ஒரே கிணறு. மோட்டார் கழன்று உள்ளே விழுந்து மூன்று நாளாகிறது. பெண்கள் கீழே ஓடைக்கு இறங்கிக் குடம் குடமாகச் சுமக்கிறார்கள். அந்தக் கல்லுப் பாதையில் லாரி ஏறாது, டிராக்டர் பாதியில் படுத்துக்கொள்ளும். ஏறுவது இந்த ஜீப் ஒன்றுதான்.

காகிதத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். 'இவ்வூர்தி தன்னியல்பு திரிந்த நிலையில் பொதுச் சாலையில் உலவக் காணப்பட்டது' என்று ஆரம்பித்து, 'பழம்பெரும் ராணுவ ஊர்திகள் அசல்தன்மை ஆணையம்' என்று முடிந்தது.

என்ன சார் இது என்று கேட்டாள். கோட்டுக்காரர் நிதானமாக விளக்கினார். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட ராணுவ வண்டி எதுவானாலும் ஆணையத்தின் பாதுகாப்பில் வருகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடியே இருந்தால் சான்றிதழ் கிடைக்கும், ஓட்டலாம். மாற்றம் செய்யப்பட்டிருந்தால் வண்டியை ஆணையம் எடுத்துக்கொள்ளும். எடுத்து, பிரித்து, நல்ல பாகங்களை நல்ல வண்டிகளுக்குப் பொருத்தும்.

"ஒரு வகையில உறுப்பு தானம் மாதிரிம்மா," என்றார். "சம்பந்தப்பட்டவங்க பெருமைப்படணும்."

மேட்டுக் குடியிருப்பு வேலையை முடித்துவிட்டு நேராக ஆணையத்துக்கே வந்துவிடுகிறேன் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். முடியாது. தீர்ப்பு வரும்வரை அந்த ஜீப் ஆணையத்தை நோக்கிய திசையில் மட்டும்தான் நகரலாம். ஆணையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இழுத்துப் போக ஆணையத்திடம் வண்டி இல்லாததால், கைதியே தன்னை ஓட்டிக்கொண்டு வந்து ஆஜராக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது.

போகிற வழியில் அவள் தன் வீட்டுக்காரரின் தையல் கடை முன்னால் நிறுத்தினாள். அவர் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"நான் எதுக்கும்மா? எனக்கு வண்டியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதே," என்றார் டெய்லர்.

"வண்டிக்காக இல்லைங்க. எனக்குக் கோபம் வந்தா கையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

அது நியாயமாகப் பட்டது. டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஏறி உட்கார்ந்தார்.

ஆணையத்தின் வாசலில் ஏற்கெனவே வரிசை நின்றது. பழைய ராணுவ ஆம்புலன்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற ஒருவர். ராணுவ லாரியில் செங்கல் லோடு அடிக்கிற அண்ணன் தம்பி. பீரங்கி இழுத்த வண்டியில் மரம் இழுக்கிற ஒரு பெரியம்மா. எல்லாருடைய கண்ணாடியிலும் மஞ்சள் காகிதம். எல்லாருடைய முகத்திலும், பரீட்சை எழுத வந்து எந்தப் பாடம் என்று தெரியாதவர்களின் களை.

உள்ளே முதலில் கூட்டிப்போனது தரிசனத்துக்கு. அந்த வார்த்தையைத்தான் வழிகாட்டி சொன்னார். செருப்புக்கு மேல் துணிப்பை கட்டி, வாய்க்குத் துணி கட்டி, குளிரூட்டிய கூடத்துக்குள் நடந்தார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜீப் நின்றது. பளபளவென்று, இப்போதுதான் உருக்கி வார்த்ததுபோல் இருந்தது. அதன் பெயர் ஆதி வண்டி. நாட்டில் உள்ள அத்தனை ராணுவ ஜீப்பும் இதற்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை வைத்துத்தான் அதன் தலையெழுத்து நிர்ணயமாகும் என்று வழிகாட்டி கிசுகிசுத்தார்.

ஓடுமா என்று மோட்டாரக்கா கேட்டாள்.

வழிகாட்டி பதறிப்போனார். ஓட்டுவதாவது. ஓட வேண்டுமென்றால் ஆயில் ஊற்ற வேண்டும். அந்த வருடத்து ஆயில் இப்போது எங்கே கிடைக்கும்? வேறு ஆயில் ஊற்றினால் அன்றோடு அது ஆதி வண்டி இல்லை. ஆகவே ஆயில் இல்லை, பெட்ரோல் இல்லை, டயரில் காற்றும் இல்லை. டயருக்குள் பஞ்சு அடைத்திருக்கிறார்கள்.

மோட்டாரக்கா பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அவளுடைய ஜீப்பில் ஸ்டெப்னி சக்கரம் வலது பக்கமும் பெட்ரோல் கேன் இடது பக்கமும் மாட்டியிருக்கும். இதில் அப்படியே தலைகீழ். ஸ்டெப்னி இடது பக்கம், கேன் வலது பக்கம். அது மட்டுமில்லை. ஸ்டெப்னியைத் தாங்க வேண்டிய தகரச் சுவர் உள்ளே குழிந்திருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தால், சக்கரத்திலிருந்து மெல்லிய நைலான் நரம்பு ஒன்று மேலே போய்க் கூரைக் கொக்கியில் முடிந்தது. ஸ்டெப்னி வண்டியில் மாட்டப்படவில்லை. கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஏன் என்று கேட்டாள். கண்காட்சி நிமித்தம் என்றார் வழிகாட்டி.

மறுநாள் வெள்ளிக்கிழமை முழுக்கப் பரிசோதனை. முதலில் போல்ட் பிரிவு. பிரிவின் தலைவர் சின்னஞ்சிறு மனிதர்; ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி, மல்லாந்து ஜீப்புக்கு அடியில் போனவர் இரண்டு மணிநேரம் வெளியே வரவில்லை. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் தொழிற்சாலை முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். அவ்வப்போது அடியிலிருந்து, பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள் கேட்பது போன்ற முனகல் மட்டும் வந்தது. கடைசியில் எழுந்து உட்கார்ந்து, முப்பத்தேழு போல்ட்டுகள் அந்நியர்கள் என்றார்.

பழசு தேய்ந்துபோனதால் புதுசு போட்டது என்றாள் அவள்.

"தேஞ்சதுதான் அசல். அதை ஏன் கழட்டினீங்க?"

"சார், பிரேக் போல்ட் அது. கழட்டலைன்னா மலையிலேருந்து இறங்கும்போது நிக்காது."

"நிக்காததும் அந்த வண்டியோட வரலாறுதானேம்மா."

அடுத்தது பெயிண்ட் பிரிவு. முதல் பூச்சு எது என்று கண்டுபிடிக்க, பன்னிரண்டு இடத்தில் சுரண்டினார்கள். மேலே மாமனார் அடித்த நீலம். அதற்கு அடியில் ராணுவப் பச்சை. அதற்கு அடியில் இன்னொரு பச்சை. அதற்கும் அடியில் மணல் நிறம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆணையம் எதையும் பாதியில் விடுவதில்லை. சுரண்டிச் சுரண்டி வெறும் இரும்பைத் தொட்டார்கள். தொட்டுவிட்டு, இந்த வண்டி பெயிண்ட் அடிக்காமல் தயாரிக்கப்பட்டது, ஆகவே நான்கு பூச்சும் மாற்றம்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

துருப் பிரிவில் இரண்டு பெண்கள் துருவைப் பிரஷ்ஷால் தட்டி இரண்டு டப்பாவில் சேகரித்தார்கள். ஒன்று ராணுவத்தில் பிடித்த துரு. அது பாரம்பரியச் சொத்து. இன்னொன்று பிறகு பிடித்த துரு. அது பராமரிப்புக் குறைவு. எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அனுபவம் என்றார்கள். மண் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. சேஸிஸில் ஒட்டியிருந்த மண்ணைச் சோதித்து, போர்க்கள மண்ணின் சாயல் சிறிதும் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். கிணற்று மண் என்று அவள் சொன்னாள். ஒப்புதல் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டார்கள்.

சீட் கவரைக் கழற்றும்போதுதான் டெய்லர் முதன்முதலாக வாய் திறந்தார். அது அவர் கையால் தைத்தது. ரெட்டைத் தையல், ஓரத்துக்குப் பட்டி, மழையில் நனைந்தாலும் பிரியாத நூல். ஆய்வாளர் அதை இரண்டு விரலால் செத்த எலியைப் போல் தூக்கி, 'தரமற்ற உள்ளூர்த் துணி' என்று சொல்லிப் பைக்குள் போட்டார்.

"தரத்தைப் பத்திச் சொல்லாதீங்க. அளவு எடுத்து, வெட்டி, பாத்துப் பாத்துத் தச்சது. ஆல்ட்ரேஷன்னு வேணும்னா எழுதிக்குங்க. தரமில்லைன்னு எழுதாதீங்க," என்றார் டெய்லர். அவரைக் காத்திருப்பு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். கோபத்தைப் பிடிக்க வந்தவரே கோபப்பட்டு வெளியே போனதில் மோட்டாரக்காவுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மதியத்துக்கு மேல் வந்தவர் தலைமை ஆய்வாளர். ஜீப்பின் பின்கதவில் ஒரு கைக்குட்டை அளவுக்கு இரும்பு ஒட்டு இருந்தது. குண்டு துளைத்த ஓட்டையை, சண்டை நடக்கும்போதே ராணுவப் பட்டறையில் வெல்டிங் வைத்து அடைத்தது. ஒட்டின் மேல் ராணுவ முத்திரை இன்னும் தெரிந்தது. இதாவது தேறும் என்று அவள் நினைத்தாள். அவர் தலையாட்டினார். மாற்றம்.

"சார், இது நாங்க செஞ்சது இல்லை. ராணுவமே செஞ்சது."

"ராணுவத்துக்கு அந்த அதிகாரம் கிடையாதும்மா. தொழிற்சாலை கேட்டைத் தாண்டின நிமிஷத்துலேருந்து யார் கை வச்சாலும் மாற்றம்தான்."

"அப்ப குண்டு?"

"குண்டும்தான். அனுமதி இல்லாம போட்ட ஓட்டை." அவர் குரல் உருகியது. "உண்மையைச் சொன்னா, போருக்குப் போகாத வண்டிதான் உண்மையான போர் வண்டி. போனதெல்லாம் கெட்டுப்போச்சு. எங்க ஆதி வண்டி ஒரு நாள்கூடப் போகலை. அதனாலதான் அது ஆதி வண்டி."

வின்ச்சைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார். மரியாதை நிமித்தம் மற்றவர்களும் நின்றார்கள்.

கடைசியாகப் பின்பக்கம். ஸ்டெப்னி வலதில், கேன் இடதில். இருபத்தாறு வருட அனுபவத்தில் இவ்வளவு துணிச்சலான மாற்றத்தைப் பார்த்ததில்லை என்றார். மோட்டாரக்கா பொறுமையாக, தன்னிடம் இருந்த கையளவு பொறுமையையும் செலவழித்து, விளக்கினாள். வலதுபக்கத் தகரத்துக்கு உட்புறம் ஒரு இரும்புப் பட்டை பாருங்கள். ஸ்டெப்னி கனத்தைத் தாங்கத் தொழிற்சாலையே வைத்தது. இடதுபக்கம் பட்டையே இல்லை. அங்கே சக்கரத்தை மாட்டினால் தகரம் குழிந்துவிடும். உங்கள் ஆதி வண்டியில் குழிந்துதான் போயிருக்கிறது, அதனால்தான் கூரையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

தலைமை ஆய்வாளர் பட்டையைத் தட்டிப் பார்த்தார். குறிப்பேட்டில் எழுதினார். 'கூடுதலாக ஓர் இரும்புப் பட்டை. மாற்றம் எண் நூற்றுப் பன்னிரண்டு.'

அப்போதுதான் காத்திருப்பு அறையிலிருந்து டெய்லர் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். கோபத்தைத் தடுப்பதற்காக இல்லை. அவர் முகத்தில், காணாமல்போன கத்தரிக்கோல் கிடைத்த வெளிச்சம் இருந்தது.

"இங்க வா. ஒண்ணு காட்டறேன்."

காத்திருப்பு அறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மாட்டியிருந்தது. கீழே 'மூல ஆவணம்' என்று பித்தளை எழுத்து. ஆதி வண்டியை இந்தப் படத்தைப் பார்த்துத்தான் அணு அணுவாக அமைத்தார்களாம். பின்பக்கத்திலிருந்து எடுத்த ஜீப் படம். ஸ்டெப்னி இடதில், கேன் வலதில். வண்டியைச் சுற்றி இருபத்திரண்டு சிப்பாய்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எண், எழுத்து எல்லாவற்றையும் போர்க்கால ரகசியம் என்று மை பூசி அழித்திருந்தார்கள்.

"வண்டியைப் பாக்காதே. சட்டையைப் பாரு," என்றார் டெய்லர்.

அவள் பார்த்தாள். சட்டையாகத்தான் தெரிந்தது.

"ஆம்பளைச் சட்டைக்கு இடப்பக்கத் துணி மேல வரும். பட்டன் வலப்பக்கம் இருக்கும். பொம்பளைச் சட்டைக்கு அப்படியே மாத்தி. இதுல இருபத்திரண்டு பேருக்கும் பொம்பளைச் சட்டை மாதிரி வலது துணி மேல இருக்கு. பை பாரு, வலது நெஞ்சுல. வாட்ச் பாரு, வலது கையில. ஒரு டெய்லர் தப்பாத் தைக்கலாம். இருபத்திரண்டு சட்டையும் தப்பாத் தைக்கிறவன் உலகத்துலயே கிடையாது."

மோட்டாரக்கா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"திருப்பிப் போட்டுட்டாங்க."

"நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்காங்க. இந்தப் பக்கம் அந்தப் பக்கமாப் போச்சு. அதைப் பாத்து ஒரு வண்டியைப் பண்ணி, அந்த வண்டியைப் பாத்து ஊர்ல இருக்கிற எல்லா வண்டியையும் தப்புங்கறாங்க."

ஐந்து நிமிடத்தில் வழக்கே ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது. மேட்டுக் குடியிருப்பிலிருந்து போன் வந்தபோது, நாளை மதியம் வந்துவிடுகிறேன், கிணற்று மூடியைத் திறந்து வையுங்கள் என்று அவள் தைரியமாகச் சொன்னாள். மறுமுனையில் ஒரு குடத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை விசாரணை. உயரமான மேடையில் ஆணையத் தலைவர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். கீழே வரிசையில் வந்தவர்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருடைய கதி எப்படி முடிகிறது என்று பார்த்தால்தானே தன்னுடையது தெரியும். குமாஸ்தா நூற்றுப் பன்னிரண்டு மாற்றங்களையும் வாசித்தார். வாசித்து முடிக்க நாற்பது நிமிடமானது. நடுவில் இரண்டு உறுப்பினர்கள் தூங்கி எழுந்தார்கள். ஒருவர் எழவே இல்லை.

சொல்ல எதுவும் உண்டா என்று தலைவர் கேட்டார். மோட்டாரக்கா எழுந்து நின்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டை, பை, வாட்ச், திரும்பிப்போன நெகட்டிவ், குழிந்த தகரம், நைலான் நரம்பு. டெய்லர் நடுவில் எழுந்து, தான் போட்டிருந்த சட்டையையே காட்டி, எந்தத் துணி மேலே வருகிறது என்று விளக்கினார். ஆம்புலன்ஸ்காரர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். செங்கல் அண்ணன் தம்பி ஒருவர் சட்டையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் தலைவரும் ரகசியமாகத் தன் பட்டனைத் தடவினார். சரியாகத்தான் இருந்தது.

தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு புன்னகைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார். "பொதுமக்கள் இவ்வளவு கூர்ந்து கவனிக்கறது எங்களுக்குப் பெருமை. ஆனா இதை நாங்க பதினெட்டு வருஷம் முன்னாடியே கவனிச்சாச்சு."

தெரிந்துமா என்று மோட்டாரக்கா கேட்டாள்.

"தெரியும். இருபத்திரண்டு பேரும் வலது கையில வாட்ச் கட்டியிருக்காங்க. சட்டை மாறியிருக்கு. துப்பாக்கியை இடது கையில பிடிச்சிருக்காங்க. இதுக்கு விஞ்ஞானபூர்வமா ஒரே ஒரு விளக்கம்தான் சாத்தியம். அவங்க இடக்கைப் படைப்பிரிவு."

ஓர் உறுப்பினர் தடித்த புத்தகம் ஒன்றை உயர்த்திக் காட்டினார். அட்டையில் அதே புகைப்படம். இடக்கைப் படைப்பிரிவின் தோற்றம், வளர்ச்சி, தியாகம் பற்றி எழுதி அவர் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார். அந்தப் படைக்கென்றே நினைவுத் தூண் ஒன்றும் எழுப்பியாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு நாள் எல்லாரும் இடது கையால் சல்யூட் வைக்கிறார்கள்.

"படம் திரும்பியிருக்குன்னு சொல்றதுக்கு ஒரு வினாடி ஆகும்," என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "ஆனா அப்படிச் சொல்லிட்டா, நாங்க தள்ளுபடி பண்ணின நாலாயிரத்து முந்நூறு வண்டிக்கு யார் பதில் சொல்றது? பிரிச்சுப்போட்ட பாகத்தை யார் சேக்கறது? ஒரு நிறுவனம்னா அதுக்கு ஒரு நிலைத்தன்மை வேணும்மா. நாங்க தப்பா இருக்கலாம். ஆனா ஆரம்பத்துலேருந்து ஒரே மாதிரி தப்பா இருக்கோம். அதுக்குப் பேருதான் பாரம்பரியம்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். எழாமல் தூங்கியவரும் தூக்கத்திலேயே தட்டினார்.

தலைவர் தீர்ப்பைப் படித்தார். நூற்றுப் பன்னிரண்டு மாற்றங்களும் உறுதி செய்யப்படுகின்றன. இந்த வண்டியில் அசலென்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. டாஷ்போர்டில் பதித்திருக்கும் தொழிற்சாலைத் தகடு. ஒரு சீட்டுக்கட்டு அளவு பித்தளை. வண்டி எண்ணும் மாதமும் பொறித்தது. ஆணையச் சட்டம் இரண்டாம் பிரிவின்படி, எந்த ஊர்தியில் இந்தத் தகடு இருக்கிறதோ அதுவே ராணுவ ஊர்தி. ஆகவே இந்த வண்டி ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இன்று மாலைக்குள் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். வின்ச்சை முதலில் வெட்டி எடுப்பார்கள்.

டெய்லர் பழக்கதோஷத்தில் மோட்டாரக்காவின் கையைப் பிடித்தார். அது சூடாக இல்லை. மோட்டார் எத்தனாவது அடியில் சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தபிறகு அவளுக்கு வருகிற நிதானம் அது. அவருக்குத் தெரியும். கையை விட்டுவிட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம். அந்தத் தகடு மட்டும்தான் அசல்?"

"தகடு மட்டும்தான்."

"மிச்சம் எதுவும் உங்களது இல்லை?"

"மிச்சம் எல்லாம் திரிஞ்சுபோனது. அதை ஜீப்புன்னு சொல்றதே ஜீப்புக்கு அவமானம்."

"அதை அப்படியே எழுதிக் குடுங்கய்யா."

எழுதிக் கேட்பவர்களைக் கண்டால் ஆணையத்துக்கு எப்போதும் கொள்ளைப் பிரியம். குமாஸ்தா உடனே டைப் அடித்தார். மூன்று முத்திரை விழுந்தது. காகிதத்தை வாங்கி மடித்து டெய்லரிடம் கொடுத்துவிட்டு, மோட்டாரக்கா முற்றத்துக்கு நடந்தாள். தலைவர் உட்பட எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவள் வண்டிக்குள் குனிந்தாள். மண்டியிட்டு அழுகிறாள் என்று ஓர் உறுப்பினர் ஊகித்தார். இந்தக் கட்டத்தில் பலரும் அழுவார்கள், இயல்புதான் என்று தலைமை ஆய்வாளர் ஆமோதித்தார்.

நான்கு ஸ்க்ரூ. மூன்று சுலபமாக வந்தன. நான்காவது, எழுபது எண்பது வருடமாக யார் கையும் படாதது, பிடிவாதம் பிடித்தது. அவள் திருப்புளியின் பிடியில் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டி, உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்துத் திருகினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

திரும்பி வந்து, மேடையேறி, தலைவரின் மேசைமேல் தகட்டை வைத்தாள். பக்கத்தில் நான்கு ஸ்க்ரூவையும் வரிசையாக வைத்தாள்.

"இந்தாங்க. இதுதான் உங்க ராணுவ வண்டி. நூத்துக்கு நூறு அசல். ஒரு மாற்றமும் கிடையாது. பத்திரமா வச்சுக்குங்க."

தலைவர் தகட்டைப் பார்த்தார். சட்டப் புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி தகட்டைப் பார்த்தார்.

"அப்ப வெளியே நிக்கிறது?"

"அதுவா? அது கிணத்துல மோட்டார் தூக்கற வண்டிங்க. அதுல உங்களுது ஒண்ணும் இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஸ்டெப்னி வலது பக்கம்தான் இருக்கும். வின்ச் மூக்குலதான் இருக்கும். குண்டு ஓட்டையை அடைச்ச ஒட்டு அங்கயேதான் இருக்கும். நாளைக்கு இன்னும் நூத்துப் பன்னெண்டு மாத்துவேன். வந்து எண்ணிப் பாக்கணும்னா மேட்டுக் குடியிருப்புக்கு ஏறி வாங்க. உங்க ஆதி வண்டியிலயே வாங்க."

இது ஆணையத்தை அவமதிப்பது என்று தலைமை ஆய்வாளர் கத்தினார். அவளைப் பிடிக்கச் சொன்னார். காவலாளிகள் இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். எந்தச் சட்டப்படி பிடிப்பது என்று தலைவர் உறுப்பினர்களைப் பார்த்தார். உறுப்பினர்கள் டாக்டர் பட்டம் வாங்கியவரைப் பார்த்தார்கள். அவர் தகட்டின் மேல் கண்ணாடி கிளாஸ் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, தூசி படாமல் பார்த்துக்கொள்வதில் மும்முரமாக இருந்தார். முதன்முறையாக ஆணையத்துக்குக் குறையே இல்லாத ஓர் உருப்படி கிடைத்திருந்தது.

முற்றத்தில் அவள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஒரு தடவை இருமி, இரண்டு தடவை இருமி, பிடித்துக்கொண்டது. கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. துருப் பிரிவின் பெண்கள், போல்ட் பிரிவின் சின்ன மனிதர், மண் பிரிவு முழுக்க, எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். அவர்களில் பலபேர் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு ராணுவ ஜீப் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார்கள். போல்ட் பிரிவுக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெறுங்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

டெய்லர் பறிமுதல் பையிலிருந்து தன் சீட் கவரை எடுத்துக்கொண்டு வந்து, உதறி, சீட்டில் விரித்து உட்கார்ந்தார். அவள் கியரைப் போட்டாள்.

வண்டி நகர்வதற்குள் யாரோ பக்கவாட்டைத் தட்டினார்கள். மரம் இழுக்கிற பெரியம்மா. பின்னால் ஆம்புலன்ஸ்காரர். அவருக்குப் பின்னால் செங்கல் அண்ணன் தம்பி. அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற எல்லாரும், கேட் வரைக்கும்.

"ஏம்மா," என்றாள் பெரியம்மா, குரலைத் தாழ்த்திக்கூடப் பேசாமல், மேடைவரை கேட்கிற மாதிரி. "அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் குடுத்துட்டுப் போயேன்."